தேடும் நேரமும் கட்டும் நேரமும்: நொதி வேகச் சமன்பாட்டுக்கு ஒரு நுழைவாயில்

மதுரையில் உயிர்வேதியியல் முதலாண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லித்தருகிறேன். ஆண்டுதோறும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று சொல்லும் மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாட்டைத் தடங்கலின்றி ஒப்பிப்பார்கள். கே-எம் என்றால் என்ன என்று கேட்டால், "உச்சவேகத்தில் பாதி கிடைக்கும்போது இருக்கும் தளப்பொருள் செறிவு" என்பார்கள். (நொதி பிடித்து மாற்றும் பொருள்தான் தளப்பொருள்.) சரியான விடைதான். "ஏன் பாதி?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் அறையே அமைதியாகிவிடும்.

அந்த "ஏன் பாதி"க்கு விடை தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். அதைப் பாடப்புத்தகத்தில் தேடுவதற்கு முன்னால் அம்மன் சன்னதிப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள்.

பூக்கட்டும் கையைப் பாருங்கள்

கோயில் வாசலருகே பூ விற்கும் அக்காக்கள் மல்லிகையைக் கட்டும்போது கையைப் பார்ப்பதே இல்லை. கண் வருகிறவர் போகிறவர் மேல் இருக்கிறது, வாய் பக்கத்துக் கடைக்காரியோடு பேசுகிறது, விரல் மட்டும் தட்டில் இருக்கும் உதிரிப்பூவைத் துழாவி எடுக்கிறது. காம்பும் காம்பும் சேர, நூல் ஒரு சுற்று, ஓர் இழுப்பு, முடிச்சு விழுந்துவிடுகிறது. மறுபடியும் விரல் தட்டுக்குப் போகிறது.

மாலை ஆறு மணிக்குத் தட்டு குவிந்திருக்கும்போது விரல் போட்ட இடத்திலெல்லாம் பூ. இரவு ஒன்பதுக்குத் தட்டின் ஓரத்தில் ஒரு கைப்பிடிதான் மிச்சம்; விரல் ஈரத் தகட்டைத் தடவித் தடவித் தேடுகிறது. கவனித்துப் பாருங்கள்: முடிச்சுப் போடும் விரைவு ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் ஒன்றுதான். மாறியது தேடும் நேரம் மட்டும்.

நொதியின் வேலையும் இந்த இரண்டு நேரங்களால் ஆனது. நொதி வெறுங்கையோடு தளப்பொருளுக்காகக் காத்திருக்கும் நேரம் ஒன்று. தளப்பொருளைப் பிடித்து விளைபொருளாக மாற்றும் நேரம் இன்னொன்று. காத்திருக்கும் நேரம் செறிவைப் பொறுத்தது; செறிவு இருமடங்கானால் அது பாதியாகும். மாற்றும் நேரத்துக்குச் செறிவைப் பற்றிக் கவலையே இல்லை.

இப்போது கணக்கு. ஒரு முடிச்சுப் போட 3 நொடி என்று வைத்துக்கொள்வோம். தட்டில் 100 கிராம் பூ இருக்கும்போது தேட 3 நொடி. (கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான் வைத்த எண்கள் இவை, உண்மையில் அவர்கள் கை இதைவிட வெகு விரைவு.)

100 கிராமில்: தேட 3, கட்ட 3, மொத்தம் 6 நொடி. நிமிடத்துக்கு 10 முடிச்சு.
50 கிராமில்: தேட 6, கட்ட 3, மொத்தம் 9 நொடி. நிமிடத்துக்கு ஏறத்தாழ 6.7 முடிச்சு.
200 கிராமில்: தேட ஒன்றரை, கட்ட 3, மொத்தம் நாலரை நொடி. நிமிடத்துக்கு 13.3 முடிச்சு.

தட்டில் மலையாகக் கொட்டினாலும் கட்டுவதற்கான 3 நொடி குறையாது. ஆகவே நிமிடத்துக்கு 20 முடிச்சுக்கு மேல் அந்தக் கையால் முடியாது. அதுதான் உச்சவேகம், வகுப்பில் வீ-மேக்ஸ் என்பது இதைத்தான். அதில் பாதியான 10 முடிச்சு எப்போது கிடைத்தது? 100 கிராமில், அதாவது தேடும் நேரமும் கட்டும் நேரமும் சரிசமமாக நின்றபோது. இரண்டும் சமமானால் மொத்த நேரம் இருமடங்கு, வேகம் பாதி. "ஏன் பாதி"க்கு விடை இவ்வளவுதான். தேடும் நேரத்தையும் கட்டும் நேரத்தையும் சமமாக்கும் செறிவுதான் கே-எம். இந்தக் கைக்குக் கே-எம் 100 கிராம்.

இதையே சமன்பாடாக எழுதினால்:

வேகம் = உச்சவேகம் × செறிவு ÷ (கே-எம் + செறிவு)

200 கிராமைப் போட்டுப் பாருங்கள்: 20 × 200 ÷ 300 = 13.3. மேலே நொடிக் கணக்கில் வந்த அதே எண். மனப்பாடம் செய்த சமன்பாட்டை நீங்களே கட்டி எழுப்பிவிட்டீர்கள். அடுத்த பத்திக்குப் போகுமுன் 50 கிராமையும் கையால் போட்டுப் பார்த்துவிடுங்கள். கண்ணால் படித்ததும் கையால் போட்டதும் ஒன்றாகாது.

இந்த ஒப்புமை நான் விளையாட்டாகச் சொல்வது இல்லை. 1959-இல் ஹாலிங் என்ற சூழலியலாளர், கண்ணைக் கட்டிய உதவியாளரை மேசைமேல் குத்திவைத்த உப்புத்தாள் வட்டுகளை விரலால் தட்டித் தேடி எடுக்கச் செய்து, இரைதேடும் உயிரினங்களுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். அதன் வடிவமும் மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாட்டின் வடிவமும் ஒன்றே. தேடலும் கையாளலும் மாறிமாறி வரும் இடத்திலெல்லாம் இந்த வளைவு வந்து நிற்கும்.

வளைவின் இரண்டு முனைகள்

பனிக்காலத்தில் மல்லிகை வரத்து சுருங்கிவிடும். அப்போது இரண்டு மடங்கு பூ கிடைத்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு சரம் கட்டலாம், ஏனெனில் நேரமெல்லாம் தேடுவதில்தான் போகிறது. செறிவு கே-எம்மைவிட மிகக் குறைவாக இருக்கும் முனை இது. வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் ஏறும். பங்குனி, சித்திரையில் பூ கொட்டும். அப்போது இன்னொரு கூடையை இறக்கினாலும் கட்டும் வேகம் அசையாது; வேகம் வேண்டுமென்றால் இன்னோர் ஆளைத்தான் உட்கார வைக்கவேண்டும். நிறைவுற்ற முனை இது.

ஆளைக் கூட்டினால் உச்சவேகம் கூடும். ஆனால் ஒவ்வொரு கைக்கும் தேடும் நேரமும் கட்டும் நேரமும் சமமாகும் பூவின் அளவு மாறாது. நொதியின் அளவை இரட்டித்தால் வீ-மேக்ஸ் இரட்டிக்கும், கே-எம் அப்படியே நிற்கும் என்பதன் பொருள் இதுதான். தேர்வில் தவறாமல் வரும் கேள்வி. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கைகள் கொஞ்சமாகவும் பூக்கள் ஏராளமாகவும் இருக்கவேண்டும். நொதியின் செறிவு தளப்பொருளின் செறிவை நெருங்கினால் இந்தச் சமன்பாடு பிசகும்.

சமன்பாடு வந்த வழி

1913-இல் பெர்லினில் லியோனர் மைக்கேலிஸும், கனடாவிலிருந்து அங்கே வந்து பணிசெய்த மருத்துவர் மாட் மென்டனும் இன்வர்டேஸ் நொதியை வைத்து இந்த வேலையைச் செய்தார்கள். சர்க்கரையை (சுக்ரோஸை) குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைக்கும் நொதி அது. நம்மூர் இனிப்புக்கடையில் பாகு பூத்துப்போகாமல் இருக்க எலுமிச்சைச் சாறு பிழிகிறார்களே, அங்கே அமிலமும் சூடும் சேர்ந்து செய்வதும் இதே உடைப்புதான். நொதி அதைக் கொதிக்க வைக்காமல் செய்கிறது.

அவர்களுக்குப் பத்தாண்டு முன்பே, 1903-இல், பிரான்ஸில் விக்டர் ஹென்றி இதே வடிவச் சமன்பாட்டை எழுதிவிட்டார். அப்படியிருக்க மைக்கேலிஸ், மென்டன் பெயர் ஏன் நிலைத்தது? அமிலத்தன்மையைத் தாங்கல் கரைசலால் கட்டிப்போட்டு, வினையின் தொடக்க வேகத்தை மட்டும் அளந்தார்கள். அந்தக் கட்டுப்பாடுதான் அவர்களுடைய பெரிய கொடை என்று நான் நினைக்கிறேன். நீங்கள் ஆய்வகத்தில் செய்யப்போவதும் அதையேதான்.

1925-இல் பிரிக்ஸும் ஹால்டேனும் இதை இன்னும் பொதுவாக்கினார்கள். நொதி தளப்பொருளைப் பிடிக்கும் விகிதம், பிடித்ததை நழுவவிடும் விகிதம், விளைபொருளாக்கும் விகிதம் என்று மூன்றையும் கணக்கில் எடுத்தால்:

கே-எம் = (நழுவும் விகிதம் + விளைபொருளாக்கும் விகிதம்) ÷ பிடிக்கும் விகிதம்

கையில் எடுத்த பூ சில நேரம் முடிச்சு விழுமுன் நழுவுகிறது. மறுபடி தேடவேண்டும். நழுவல் கூடினால் ஒரு முடிச்சுக்கான தேடல் நேரம் கூடும், கே-எம்மும் கூடும். இதிலிருந்து ஓர் எச்சரிக்கை பிறக்கிறது. கே-எம் குறைவு என்றால் பிணைப்பு இறுக்கம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். விளைபொருளாக்கும் விகிதம் நழுவும் விகிதத்தைவிட மிகச் சிறியதாக இருக்கும்போதுதான் அது பொருந்தும். அது தெரியாத இடத்தில் அப்படி எழுதாதீர்கள்.

அளக்கும்போது

ஆய்வகத்தில் முதலில் தொடக்க வேகத்தைப் பிடிக்கவேண்டும். வினை ஓட ஓடத் தளப்பொருள் கரையும், விளைபொருள் சேரும், சில நொதிகளை அந்த விளைபொருளே தடுக்கும். தளப்பொருளில் பத்தில் ஒரு பங்கு தீருமுன் அளந்துவிடுவது நல்ல வழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று நிமிடங்களில் அளந்து பாருங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் நின்றால் நம்பலாம், வளையத் தொடங்கினால் நொதியை இன்னும் நீர்க்கவேண்டும்.

செறிவுகளைக் கே-எம்முக்கு இருபுறமும் பரப்புங்கள். கே-எம்மில் கால்வாசியிலிருந்து எட்டு, பத்து மடங்கு வரை போகவேண்டும். பிள்ளைகள் செய்யும் தவறு, வளைவு கொஞ்சம் சாய்ந்தவுடனேயே "உச்சம் வந்துவிட்டது" என்று நிறுத்திவிடுவது. கே-எம்மைப் போல ஐந்து மடங்கு செறிவில்கூட 83 விழுக்காடுதான் எட்டியிருப்பீர்கள். பத்து மடங்கில் 91.

மே மாத மதியத்தில் நம்மூர் ஆய்வக மேசையின் வெப்பமும் காலை எட்டு மணி வெப்பமும் ஒன்றில்லை. எல்லாக் குழாய்களையும் ஒரே நீர்த்தொட்டியில், ஒரே வெப்பத்தில் வையுங்கள். மின்சாரம் போய் வந்தால் அந்த வரிசையை மறுபடி செய்யுங்கள்.

இனி, எனக்கே நேர்ந்த ஒன்று. மாணவனாக இருந்தபோது இன்வர்டேஸின் கே-எம்மைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தேன். கூடப் படித்தவர்கள் எல்லோருக்கும் வந்ததைப்போல இரண்டு மடங்கு. இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் குறிப்பேட்டை வரி வரியாகப் படித்தபோதுதான் பிடிபட்டது. சர்க்கரைக் கரைசல் அரை மி.லி., நொதியும் தாங்கல் கரைசலும் சேர்ந்து அரை மி.லி. சேர்த்தவுடன் செறிவு பாதியாகிவிட்டது. நான் புட்டியில் எழுதியிருந்த எண்ணையே வரைபடத்தில் போட்டிருந்தேன். அன்றிலிருந்து "குழாய்க்குள் இறுதிச் செறிவு" என்று ஒரு தனிப் பத்தி போட்டுத்தான் அட்டவணை தொடங்குகிறேன். உங்கள் அட்டவணையிலும் அந்தப் பத்தி முதலில் இருக்கட்டும்.

இன்வர்டேஸில் இன்னொரு கண்ணியும் உண்டு. டிஎன்எஸ் கரைசலோடு கொதிக்க வைத்து, செம்பழுப்பு நிறத்தை 540 நானோமீட்டரில் அளப்பது வழக்கம். அந்த நிறம் ஒடுக்கும் சர்க்கரைக்கு, அதாவது குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் போன்றவற்றுக்கு, வருவது. ஒரு சுக்ரோஸ் உடைந்தால் இரண்டு ஒடுக்கும் சர்க்கரை பிறக்கும். இரண்டால் வகுக்க மறந்தால் உச்சவேகம் இருமடங்காகத் தெரியும்.

எண்களிலிருந்து மாறிலிகளுக்கு

கற்பனையான ஒரு நொதியை எடுத்துக்கொள்வோம். செறிவு மில்லிமோலாரில், வேகம் நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோமோலார் என்ற கணக்கில்:

செறிவு 0.5 — வேகம் 24
செறிவு 1 — வேகம் 40
செறிவு 2 — வேகம் 60
செறிவு 4 — வேகம் 80
செறிவு 8 — வேகம் 96
செறிவு 18 — வேகம் 108

1934-இல் லைன்வீவரும் பர்க்கும் சொன்ன வழி, இரண்டையும் தலைகீழாக்கி நேர்கோடு வரைவது:

1 ÷ வேகம் = (கே-எம் ÷ உச்சவேகம்) × (1 ÷ செறிவு) + 1 ÷ உச்சவேகம்

வேகத்தின் தலைகீழ் என்ன? ஒரு முடிச்சுக்கு ஆகும் நேரம். அப்படியானால் வலப்பக்கத்து முதல் உறுப்பு தேடும் நேரம், இரண்டாவது கட்டும் நேரம். பூத்தட்டில் நாம் கூட்டிய அதே கூட்டல்தான் இது. கோடு நெடுக்கு அச்சை வெட்டும் இடம், தேடலே இல்லாத நிலை. எஞ்சுவது கட்டும் நேரம். இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "சார், அப்படியென்றால் அந்தக் கோட்டின் சாய்வு முழுக்கத் தேடல்தானா?" என்று கேட்டாள். ஆமாம், முழுக்கத் தேடல்தான். அந்தக் கேள்வி வந்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

ஆனால் இந்த வரைபடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள், மாறிலிகளை இதிலிருந்து எடுக்காதீர்கள். காரணம் எண்களிலேயே இருக்கிறது. அளவீட்டில் 4 அலகு பிழை என்று வைப்போம். 24-க்குப் பதில் 20 என்று அளந்தால் அதன் தலைகீழ் 0.0417-இலிருந்து 0.0500 ஆகத் தாவுகிறது. 108-க்குப் பதில் 104 என்றால் 0.00926 வெறும் 0.00962 ஆகிறது. ஒரே அளவுப் பிழை, செறிவு குறைந்த முனையில் இருபது மடங்குக்கு மேல் பெருக்கிக் காட்டப்படுகிறது. அங்கே அமர்ந்த ஒரே ஒரு கெட்ட புள்ளி கோட்டையே இழுத்துச் சாய்த்துவிடும்.

கையால் வரைய வேண்டுமென்றால் செறிவு ÷ வேகம் என்பதைச் செறிவுக்கு எதிராக வரையுங்கள். ஹேன்ஸ் முறை என்பார்கள். நம் எண்களில் 0.0208, 0.0250, 0.0333, 0.0500, 0.0833, 0.1667 என்று வரும். சாய்வு 0.00833, அதன் தலைகீழ் 120, அதுவே உச்சவேகம். நெடுக்கு அச்சு வெட்டுத்துண்டு 0.01667, அதை 120-ஆல் பெருக்கினால் 2, அதுவே கே-எம். கணினி கையில் இருந்தால் வளைவையே நேரடியாகப் பொருத்துவதுதான் முறை. எக்செல்லில் இருக்கும் சால்வர் போதும்: கே-எம், உச்சவேகம் இரண்டுக்கும் தோராய எண் கொடுத்து, வேறுபாடுகளின் வர்க்கக் கூட்டல் மிகக் குறையும்படி தேடச் சொல்லுங்கள்.

இனி ஒரு நொதி மூலக்கூறின் கையைப் பார்க்கலாம். குழாயில் நொதியின் செறிவு 0.02 மைக்ரோமோலார் என்றால், 120 ÷ 0.02 = நிமிடத்துக்கு 6,000; நொடிக்கு 100. இது கே-கேட், ஒரு மூலக்கூறின் உச்ச உழைப்பு. ஆக ஒரு முடிச்சுக்குக் கட்டும் நேரம் 10 மில்லிநொடி. 2 மில்லிமோலாரில் தேடலும் 10 மில்லிநொடி. 0.5 மில்லிமோலாரில் தேடல் 40. 18 மில்லிமோலாரில் தேடல் 1.1 மட்டும். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் போன்ற நொதிக்குக் கே-கேட் நொடிக்குப் பத்து இலட்சம் அளவில். அங்கே கட்டும் நேரம் ஒரு மைக்ரோநொடிதான்.

நம் உடம்பில் இதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. குளுக்கோஸைப் பிடிக்கும் ஹெக்ஸோகைனேஸுக்குக் கே-எம் ஏறத்தாழ 0.1 மில்லிமோலார். கல்லீரலிலும் கணையத்திலும் இருக்கும் குளுக்கோகைனேஸுக்கு அது 10-ஐ ஒட்டி. இரத்தத்தில் குளுக்கோஸ் சுமார் 5 மில்லிமோலார். அந்தச் செறிவில் முதலாவது 98 விழுக்காடு வேகத்தில் ஓடுகிறது. பரோட்டா சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். இரண்டாவது மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் இருக்கிறது. செறிவு 10-க்கு ஏறினால் பாதிக்குப் போகும். அதன் வளைவு உண்மையில் சற்றே எஸ் வடிவம் கொண்டது என்பதால் இந்தக் கணக்கு தோராயம்தான். ஆனாலும் இரத்தச் சர்க்கரை ஏறுவதை உணர்ந்து வேலை செய்யத் தகுந்தது எது என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிந்துவிடுகிறது.

தடுப்பான்கள்: எந்த நேரம் நீள்கிறது?

மூன்று வகைத் தடுப்பையும் பட்டியலாக மனப்பாடம் செய்து தேர்வறையில் குழம்புகிறவர்கள் பலர். எந்த நேரம் நீள்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

காம்பொடிந்த பூக்கள் தட்டில் கலந்துவிட்டன. விரல் எடுக்கிறது, காம்பில்லை, கீழே போடுகிறது. தேடும் நேரம் நீள்கிறது; நல்ல பூ கிடைத்தபின் கட்டும் நேரம் பழையபடிதான். நல்ல பூவை மலையாகக் கொட்டினால் காம்பொடிந்தது கையில் சிக்குவதே அரிதாகிவிடும். இது போட்டித் தடுப்பு: கே-எம் ஏறும், உச்சவேகம் மாறாது.

பூ கையில் இருக்கும்போது மட்டும் நூல் சிக்குகிறது என்றால் கட்டும் நேரம்தான் நீளும். உச்சவேகமும் கே-எம்மும் ஒரே விகிதத்தில் குறையும். வகுப்பில் அன்காம்பெட்டிட்டிவ் என்பது இது. கட்டும் நேரம் நீண்டால் கே-எம் ஏன் குறைகிறது? தேடல் அதற்குச் சமமாக வேண்டுமே. தேடலை நீட்டக் குறைந்த பூவே போதும்.

மூன்றாவது, கட்டுகிறவர்களில் மூவரில் ஒருவரை முதலாளி வேறு வேலைக்கு எழுப்பிக்கொண்டு போவது. பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கை இல்லை. இரண்டு நேரமும் ஒரே விகிதத்தில் நீண்டதற்குச் சமம். உச்சவேகம் குறையும், கே-எம் அப்படியே. இது போட்டியில்லாத் தடுப்பு.

போட்டித் தடுப்பு உயிரைக் காக்கும் இடமும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மெத்தனால் உடம்புக்குள் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியால் ஃபார்மால்டிஹைடாகி, பின் ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. மருத்துவமனையில் ஃபோமெபிசோல் என்ற மருந்தையோ, அளந்த அளவில் எத்தனாலையோ செலுத்துகிறார்கள். நொதி அவற்றையே விரும்பிப் பிடிப்பதால் மெத்தனாலுக்குக் கை கிடைப்பதில்லை. அது நஞ்சாக மாறாமல் மெல்ல வெளியேற நேரம் கிடைக்கிறது. இது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே செய்யும் சிகிச்சை. வீட்டில் முயலவே கூடாது.

ஒரு பயிற்சி

மேலே பார்த்த அதே கற்பனை நொதியோடு ஒரு தடுப்பானை 1 மில்லிமோலார் சேர்த்தோம். 2 மில்லிமோலார் தளப்பொருளில் வேகம் 60-இலிருந்து 30 ஆனது. 6-இல் வேகம் 60. 18-இல் 108 வெறும் 90 ஆகக் குறைந்தது. எந்த வகைத் தடுப்பு? தாளை எடுத்து ஒவ்வொரு செறிவிலும் ஒரு முடிச்சுக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டபின் கீழே படியுங்கள்.

2 மில்லிமோலாரில் வேகம் 30 என்றால் ஒரு நொதிக்கு நொடிக்கு 25 முடிச்சு (30 ÷ 0.02 ÷ 60), ஒன்றுக்கு 40 மில்லிநொடி. 6-இல் 20 மில்லிநொடி. 18-இல் 13.3. கட்டும் நேரமான 10-ஐக் கழித்தால் தேடல் 30, 10, 3.3. செறிவு மும்மடங்காகும்போதெல்லாம் தேடல் மூன்றில் ஒன்றாகிறது. ஆக 10-ஐக் கழித்தது சரி, கட்டும் நேரம் மாறவே இல்லை. தடுப்பான் இல்லாதபோது 2 மில்லிமோலாரில் தேடல் 10, இப்போது 30. தேடல் மட்டும் மும்மடங்கு, கே-எம் 2-இலிருந்து 6. போட்டித் தடுப்பு. நீண்ட மடங்கு என்பது 1 + (தடுப்பான் செறிவு ÷ கே-ஐ). அது 3 என்றால் 1 ÷ கே-ஐ = 2; தடுப்பானின் மாறிலி கே-ஐ 0.5 மில்லிமோலார்.